பச்சைமுத்து வெட்டிய ஒயர்

செஞ்சியில் திண்டிவனம் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில், புளியமரத்தை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார் பச்சைமுத்து. லாரியோ பஸ்ஸோ, எந்த வண்டி வந்தாலும் இஞ்சினைத் தொடமாட்டார். கரண்டு வேலை மட்டும்தான். விழுப்புரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் ஆசிட் புகைக்கு நடுவே நின்று பழகிய தொழில். பெரிய சாமான் எதுவும் அவரிடம் கிடையாது. ஒரு சின்ன பல்பிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, முனையில் கவ்வி வைத்த டெஸ்ட் லைட்டு ஒன்று இருந்தது. ஒரு கவ்வியை வண்டியின் இரும்பில் மாட்டிவிட்டு, இன்னொன்றால் பேட்டரி, பியூஸ், சுவிட்சு, ஒயர் மூட்டு என்று தொட்டுக்கொண்டே போவார். பல்பு எதுவரைக்கும் எரிகிறது, எங்கே அணைகிறது என்று பார்த்தால் போதும், கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். "கரண்டு பொய் சொல்லாது" என்பார். வல்லம், தளவானூர் பக்கமிருந்தெல்லாம் அவரைத் தேடி வண்டிகள் வரும்.

அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. தங்கச்சி மீனம்பாள் இடுப்புக் குழந்தை. அவளைத் தூக்கி வளர்த்து ஆளாக்கி, தொண்டூரில் பெரியதம்பிக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். பெரியதம்பி அப்போது லாரியில் கிளீனர். சாராயம் தொடாதவர், உழைப்பாளி. அவரை லைசென்ஸ் எடுக்கவைத்து, கடலைக்காய் மண்டி சுமதிநாத நயினாரிடம் கூட்டிப்போய், "நம்ம மாப்பிள்ளைங்க. நான் பொறுப்பு" என்று சொல்லி டிரைவராகச் சேர்த்துவிட்டதும் பச்சைமுத்துதான். மீனம்பாளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள்.

நயினாரிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப். வெள்ளைக்காரன் பட்டாளம் சண்டை முடிந்து ஏலம் விட்ட வண்டி. கைக்குக் கை மாறி அவரிடம் வந்திருந்தது. மூட்டையிலிருந்து சிந்தும் கடலைக்கு எலி வரும். வந்த எலி துணி சுற்றிய ஒயரைக் கடிக்காமல் போகாது. அதனால் அந்த வண்டி மாசத்துக்கு ஒரு தடவையாவது புளியமரத்தடிக்கு வந்துவிடும்.

சைனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம், புரட்டாசியில் ஒருநாள் பெரியதம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மச்சான், முன்லைட்டு மங்கலா எரியுது. பொழுது சாஞ்சா ரோடே தெரியல."

பச்சைமுத்து பார்த்தார். லைட்டுக் கூடு வண்டியோடு சேருகிற இடத்தில் துரு ஏறி, எர்த்து சரியாகப் பிடிக்காமல் இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இரும்பைப் பளபளக்க வைத்து, புது போல்ட் போட்டு முறுக்கினார். வெளிச்சம் ஏறியது. பெரியதம்பி திருப்தியாகப் போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். "அப்பிடியேதான் இருக்குது மச்சான்."

இந்தத் தடவை பல்புக்குப் பின்னாலிருக்கிற வெள்ளித் தகடு கறுத்துப்போனது கண்ணில் பட்டது. கழற்றி மெட்ராசுக்கு அனுப்பி முலாம் பூசி வரவழைத்தார். அதற்கப்புறமும் குறை தீரவில்லை. காலால் மிதிக்கிற டிம் சுவிட்சில் சேற்றுத் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது, அதை மாற்றினார். டைனமோவுக்குப் புது கரி போட்டார். கடைசியில் பழைய ஒயரை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, பேட்டரியிலிருந்து லைட்டு வரைக்கும் தடித்த ஒயராக இழுத்தார். சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டூரிங் கொட்டகை நோட்டீஸில் பொடி எழுத்துக்கூடத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரியதம்பி மறுபடியும் வந்து நின்றார். "இன்னும் சரியாவல மச்சான்."

பச்சைமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கு மேல வெளிச்சம் வோணும்னா சூரியனத்தான் கட்டி இழுத்தாரணும். சரி, நானும் கூட வரேன். எந்த எடத்துல மங்குதுன்னு காட்டு."

வல்லத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பும்போது பொழுது இறங்கிவிட்டது. லைட்டைப் போட்டார் பெரியதம்பி. ரோட்டில் வெளிச்சம் பாய் விரித்தாற்போல் விழுந்தது. பச்சைமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ஓரத்துப் புளியமரங்களின் அடியில் அடித்திருந்த சுண்ணாம்புப் பட்டைகள் ஒவ்வொன்றாக மினுங்கிக்கொண்டு வந்தன. தூரத்தில் ஒரு பொம்பளை புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து ரோட்டோரமாகப் போனாள். பச்சைமுத்து அவளை எப்போதோ பார்த்துவிட்டார். பெரியதம்பியும் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தார். வண்டி ஒதுங்கவில்லை. வேகமும் குறையவில்லை. புல்லுக்கட்டு கண்ணாடிக்கு நேராக வந்துவிட்டது.

"மாப்ள!" என்று கத்திக்கொண்டே எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி குலுங்கி, கத்திக்கொண்டு நின்றது. கட்டு பள்ளத்தில் உருண்டது. அந்தப் பொம்பளை மண்ணில் விழுந்து எழுந்து, இரண்டு பேரின் வம்சத்தையும் இழுத்துத் திட்டினாள். அடி ஒன்றும் இல்லை. பச்சைமுத்து இறங்கி ஓடி, கட்டை எடுத்து அவள் தலையில் ஏற்றிவிட்டுக் கும்பிட்டு அனுப்பினார்.

திரும்பிப் பார்த்தபோது பெரியதம்பி கீழே இறங்கியிருந்தார். வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்தார். மட்கார்டு முடிகிற இடத்தில் கை காற்றில் போனதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பள்ளம் இருந்தது.

"யாரு மச்சான் அது? எங்கேந்து வந்தாங்க?" என்று கேட்டார்.

பச்சைமுத்து லைட்டைத் திரும்பிப் பார்த்தார். பேட்டரியிலிருந்து பல்பு வரைக்கும் அவர் தொட்டுப் பார்க்காத இடம் இல்லை. எல்லா இடத்திலும் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு வண்டியில் இல்லை.

"எத்தினி நாளா இப்பிடி இருக்குது மாப்ள?"

"லைட்டுதான் மங்குதுன்னு நெனச்சேன் மச்சான். எம் பொண்ணு மேல சத்தியமா." பெரியதம்பி மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். "என்னப் பெத்த நைனாவுக்கும் இப்பிடித்தான். வெளக்கு வெக்கிற நேரம் ஆனா ஊட்ட உட்டு வெளிய வரமாட்டாரு. கடைசில பகல்லயும் போயிடுச்சு."

அன்று வண்டியை ஓட்டத் தெரியாத பச்சைமுத்து முன்னால் நடந்தார். அவர் முதுகில் கட்டிய வெள்ளைத் துண்டைப் பார்த்துக்கொண்டே பெரியதம்பி முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தார். அப்படியே செஞ்சி வரைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் தொண்டூருக்குப் போனார். மீனம்பாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"கட்டின மூணாம் மாசமே தெரியும்ணா. ராத்திரில சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல கை வெப்பாரு. நான் தட்ட நவுத்தி வெப்பேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நயினார் கிட்ட சொல்லிடாதண்ணா. இந்த டிரைவர் வேல போச்சுன்னா அந்த மனுசன் செத்துப்பூடுவாரு."

வைத்தியம் பார்த்தார்கள். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் என்று சொன்னவர் சொன்னதை எல்லாம் செய்தார்கள். கார்த்திகையில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் பச்சைமுத்து. டாக்டர் கண்ணில் மருந்து விட்டு, விளக்கை அணைத்து, நெடுநேரம் பார்த்தார். சத்துக் குறைவால் வந்த மாலைக்கண் இல்லை என்றார். கண்ணுக்குப் பின்னாலிருக்கிற திரை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டு வருகிறது, ரத்தத்தில் வந்தது, இதற்கு மருந்து கிடையாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரியதம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எல்லாம் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். "இது பென்ஸ் லாரி மச்சான். அது பியட்டு." பகலில் அவருக்கு எல்லாம் தெரிந்தது.

பகலில் மட்டும் ஓட்டுவது என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அது கொஞ்ச நாள் நடந்தது. நயினார் ஜைனர்; பொழுது இறங்குவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். அதற்கப்புறம் மண்டிப் பக்கம் வருகிற வழக்கமில்லை. சாயங்காலம் வண்டி எப்போது வந்தது, யார் ஓட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தை பிறந்து கடலைக்காய் அறுவடை ஆரம்பித்ததும் களம் நிரம்பியது. திண்டிவனம் ரயில்வே கூட்சு ஷெட்டுக்கு ராத்திரிக்குள் மூட்டை போய்ச் சேர வேண்டும் என்றார் நயினார். முடியாது என்று சொல்லப் பெரியதம்பிக்கு ஒரு காரணமும் இல்லை.

அந்தக் காரணத்தைப் பச்சைமுத்து உண்டாக்கிக் கொடுத்தார். ஒருநாள் மத்தியானம் பெரியதம்பி சாப்பிடப் போயிருந்தபோது, மண்டி வாசலில் நின்ற வண்டியின் பானெட்டைத் தூக்கி எர்த்து ஒயரைக் கழற்றிவிட்டார். சாயங்காலம் லைட்டு எரியவில்லை. லோடு மறுநாள் காலையில் போனது. அடுத்த தடவை எரிந்துபோன பியூஸை வைத்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி அவரிடமே வந்தது. "எலி கடிச்சிருக்குதுங்க, பாத்துத்தான் சரி பண்ணணும்" என்று நயினாரிடம் சொல்லி இரண்டு நாள் இழுப்பார். ஆயுசெல்லாம் கோளாறைத் தேடிக் கண்டுபிடித்த கை அது. அதே கை இப்போது கோளாறு வைத்தது. பெரியதம்பி இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பச்சைமுத்து புரிந்துகொண்டார்.

மாசியில் நயினாருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா பச்சைமுத்து, ஒரு லைட்டு வேலை ரெண்டு மாசமா முடியலை! உனக்குக் கை விட்டுப்போச்சா?" என்று கேட்டார். பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு மத்தியானம், இனிமேல் யாரும் சுலபத்தில் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் கையை விட்டு, சுவிட்சுக்குப் போகிற ஒயரை வெட்டினார். வெட்டிய இடத்தில் பழைய துணியைச் சுற்றிவைத்தார்.

நயினார் திண்டிவனத்திலிருந்து ஜெயராமன் என்ற வேறொரு ஆளை வரவழைத்தார். பச்சைமுத்துவுக்கும் ஆள் விட்டார். மண்டி வாசலில் வண்டி நின்றது. ஜெயராமனும் ஒரு டெஸ்ட் லைட்டை எடுத்து, பேட்டரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பச்சைமுத்துவே செய்வது போலத்தான் இருந்தது. பியூஸ் வரைக்கும் பல்பு எரிந்தது. சுவிட்சில் எரியவில்லை. ஜெயராமன் மல்லாந்து படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டார். பிறகு எழுந்து, ஒயரின் இரண்டு முனையையும் நயினாரிடம் காட்டினார்.

"இது எலி கடிச்சதில்லீங்க. எலி கடிச்சா பிசிறு இருக்கும். இது கட்டிங் பிளேயர் வெச்சு வெட்டினது."

மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நயினார் பச்சைமுத்துவைப் பார்த்தார். அவர் கோபப்பட்டுக் கத்துகிறவர் இல்லை. "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"வேலை வரணும்னு செஞ்சிட்டேங்க" என்றார் பச்சைமுத்து.

அந்தப் பொய் அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது. திருட்டுப் பட்டம் தன்னோடு போகட்டும் என்று நினைத்துவிட்டார். யாரோ காறித் துப்பினார்கள். பெரியதம்பி வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயராமன் ஒயரைச் சேர்த்துக் கட்டினார். லைட்டு எரிந்தது. நயினார் பெருமூச்சு விட்டார்.

"சரி, நல்லதாப் போச்சு. பெரியதம்பி, இன்னைக்கு சாயந்திரம் லோடு போவட்டும். சந்தனாவும் குழந்தையும் முன்னாடி உக்காந்து வருவாங்க. மாமியார் வீட்டுக்குப் போறா. திண்டிவனத்துல ராத்திரி ரயில் புடிக்கணும்."

சந்தனா நயினாரின் மகள். பிரசவத்துக்கு வந்து, இப்போது கைக்குழந்தையோடு இருந்தவள். பெரியதம்பி "சரிங்க" என்றார். சாவிக்காகக் கையை நீட்டினார்.

பச்சைமுத்து அந்தக் கையைப் பார்த்தார். "மாப்ள, நீயே சொல்லிடு" என்றார்.

பெரியதம்பி நிமிரவில்லை.

"மாப்ள, கொழந்த போவுது அதுல. சொல்லிடு."

"எதைச் சொல்லணும்?" என்று நயினார் கேட்டார்.

கடைசியில் பச்சைமுத்துதான் சொன்னார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "அவருக்குப் பொழுது போனா கண்ணு தெரியாதுங்க. வைத்தியம் இல்லைன்னுட்டாங்க. வண்டி சாயந்திரம் போவக் கூடாதுன்னுதான் நான் வெட்டினேன்."

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பெரியதம்பி அதைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார். நல்ல வெயில். தடுமாறாமல் நேராகத்தான் போனார்.

நயினார் நியாயமானவர். பெரியதம்பிக்குக் களத்தில் பகல் வேலை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பெரியதம்பி வரவில்லை. பச்சைமுத்துவிடமும் நயினார் பேசினார். "நீ சொன்னது பெரிய காரியம். எம் பேரப்பிள்ளை உயிரு அது. ஆனா என் வண்டிய வெட்டினவன் கையில மறுபடி அதைக் குடுக்க எனக்கு மனசு வரலை. கோச்சிக்காத" என்றார். மற்ற வண்டிக்காரர்கள் அவ்வளவுகூடச் சொல்லவில்லை. வராமல் இருந்தார்கள். ஏன் வெட்டினார் என்கிற பாதி ஊரில் பரவவில்லை. வெட்டினார் என்கிற பாதி மட்டும் பரவியது. பச்சைமுத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தும், கல்யாணத்துக்கு ரேடியோ செட்டு கட்டியும் காலத்தை ஓட்டினார்.

மண்டியில் உண்மையைச் சொன்ன அந்த வாரமே தொண்டூருக்குப் போயிருந்தார். மீனம்பாள் வாசலை மறித்து நின்றாள்.

"கெட்ட பேரு உனக்கு வந்துடுச்சு இல்ல? அதோட வாய மூடிக்கினு இருந்திருக்கலாமே அண்ணா."

"கொழந்த இருந்தது மீனா."

"எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குது" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நடக்காமல் போன விபத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? அந்த ரோட்டில் யாரும் சாகவில்லை. சந்தனாவும் குழந்தையும் மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். இழந்தது என்று கணக்குப் பார்த்தால் மீனம்பாள் வீடு ஒன்றுதான் இழந்திருந்தது.

பெரியதம்பி ஊரில் பகல் நேரத்தில் கடலைக்காய் பிடுங்கவும் ஏற்றம் இறைக்கவும் போனார். பிறகு பகலிலும் பார்வை ஓரங்களில் சுருங்க ஆரம்பித்தது. நேரே வைத்தால் தெரியும். பக்கத்தில் நின்றால் தெரியாது என்றார்கள். இதெல்லாம் தொண்டூர் பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்லித்தான் பச்சைமுத்துவுக்குத் தெரியும். அவர் மனைவி நாகம்மாள் நல்லது கெட்டது என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். மீனம்பாள் தண்ணீர் கொடுத்தாள். பேசவில்லை.

ஆறு வருஷம் இப்படியே போன பிறகு, மீனம்பாளின் மகள் வயசுக்கு வந்த செய்தி வந்தது. பெண்ணை உட்கார வைக்கிற குடிசைக்குத் தாய்மாமன்தான் பச்சை ஓலை கட்ட வேண்டும், தாய்மாமன் சேலைதான் மேலே விழ வேண்டும். சொல்லி அனுப்புவார்கள் என்று பச்சைமுத்து காத்திருந்தார். யாரும் வரவில்லை. சடங்கு நிற்கக் கூடாதென்று தன் பங்காளி ஒருவனே மாமன் முறைக்கு ஓலை கட்டினான் என்று கேள்விப்பட்டார். நீராட்டுகிற அன்று காலையில், அரக்குக் கலரில் ஒரு பட்டுச் சேலையை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு தொண்டூரில் இறங்கினார்.

வீட்டு முன்னால் பந்தல். உள்ளே பெண்களின் சத்தம். அவர் பந்தலுக்கு வெளியே வேலியோரம் நின்றார். பெரியதம்பி ஒரு சொம்போடு அந்தப் பக்கமாக வந்தார். இரண்டு கை தூரத்தில் அவரைத் தாண்டிப் போனார். பச்சைமுத்து கூப்பிடவில்லை. நாலு அடி போன பெரியதம்பி நின்றார். மெதுவாக முழு உடம்பையும் திருப்பி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடி, கடைசியில் அவர் முகத்தைப் பிடித்தார்.

"ஆசிட் வாட அடிச்சுது" என்றார். அப்புறம், "உள்ள வராத மச்சான். உன்னப் பாத்தா உன் தங்கச்சி அழுவும். நல்ல நாளு."

"சரி மாப்ள."

"எம் மேல கோவமா?"

பச்சைமுத்து இல்லையென்று தலையை ஆட்டினார். அது பெரியதம்பிக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. துண்டோடு சேலையை அவர் கையில் வைத்தார். பெரியதம்பி அதைத் தடவிப் பார்த்தார். "நான் குடுத்துடறேன். யாரு குடுத்ததுன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

பச்சைமுத்து அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

எட்டு நாள் போயிருக்கும். தொண்டூர் பஸ் கண்டக்டர் பட்டறை வாசலில் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே துண்டு, அதே சேலை. நாகம்மாள் அதை எடுத்து உதறினாள். கடையில் மடித்த மடிப்பு கலைந்து, வேறு கையால் மடிக்கப்பட்டிருந்தது. முந்தானை ஓரத்தில் கைப்பட்ட அளவுக்கு மஞ்சள் கறை.

"இத யாரோ கட்டிப் பாத்திருக்காங்க" என்றாள் நாகம்மாள். "பொண்ணு கட்டிச்சோ, மீனா தோள்ல போட்டுப் பாத்துச்சோ."

பச்சைமுத்து சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துவைத்து வைக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்றார்.